இரண்டாவது வெடி

காபியை வாயில் வாங்கித் துப்புவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சொன்னால் பலரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு நாளைக்கு நாற்பது கிண்ணம் உறிஞ்சித் துப்பி, எதில் மண்வாசம், எதில் புளிப்பு, எது ஈரமூட்டையில் கிடந்த சரக்கு என்று சொல்வது என் வேலை. கொட்டையை வறுப்பது என் வீட்டுக்காரர் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே கட்டடம்தான், நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடியது.

நான் சொல்ல வந்தது அந்தப் பதினோரு வருஷத்தின் கடைசி வாரத்தைப் பற்றி. கடைசி வாரம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அக்கா இருக்கும் ஊரில் இன்னொரு காபிக் கம்பெனியில் எனக்கு இதே வேலை கிடைத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். போனால் தனியாகத்தான் போவேன். திரும்பி வருவதாக இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே பேச வேண்டியதும் இல்லை.

ஏன் போக நினைத்தேன் என்று கேட்டால் ஒரே ஒரு சொல்லைத்தான் காட்டுவேன். திங்கட்கிழமை காலை அவர் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்று, இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா ஊர்ல எனக்கு வேலை கெடச்சிருக்கு. நான் போகட்டுமா?"

அவர் திரும்பக்கூட இல்லை. "ம், சரி," என்றார். தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். போய்த் தொலை என்று சொல்லியிருந்தால்கூட அதில் ஒரு சூடு இருந்திருக்கும். கட்டின மனைவி வீட்டை விட்டுப் போகட்டுமா என்று கேட்கிறாள், இந்த மனுஷன் தட்டு கழுவுகிறார். எனக்கு அப்படியே உடம்பெல்லாம் எரிந்தது. பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அது அன்றைக்கு முளைத்த விவகாரமும் இல்லை. எட்டு மாதமாகவே இந்தக் கூத்துதான். நான் பேசினால் சரி. நான் கேட்டால் சரி. பல்வலி என்றாலும் சரி, வாடகை ஏறுகிறது என்றாலும் சரி. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மற்றவர்களிடம் நன்றாகத்தான் பேசினார். லாரிக்காரர் ஏதாவது பச்சையாகச் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பார். எங்கள் முதலாளிக்குத் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டின மாதிரிக் குரல். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இவர் ஓடுவார். எனக்குக் கீச்சுக் குரல், பள்ளிக்கூடத்திலேயே எல்லாரும் கேலி செய்வார்கள். அவருக்கு அந்தக் குரலைக் கேட்டாலே அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கல்லுளிமங்கன் என்று அவருக்கு நானே பெயரும் வைத்தேன்.

அக்காவிடம் போனில் அழுதேன். "வேற யாராவது இருக்காங்களான்னு பாருடி," என்றாள் அவள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் அவர் குளிக்கும்போது அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன். மூட்டை எப்போது வரும் என்பதையும் மழை எப்போது வரும் என்பதையும் தவிர அதில் ஒன்றும் இல்லை. யாராவது இருந்திருந்தால்கூட எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

சரி, வறுவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பின்னால் நடந்தது யாருக்கும் புரியாது.

எங்கள் கம்பெனிக்கு யாராவது சுற்றிப் பார்க்க வந்தால் முதலாளி காபியின் சரித்திரத்தை எடுத்துவிடுவார். எத்தியோப்பியாவில் ஒரு இடையன், அவனுடைய ஆடுகள் ஏதோ சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டு ராத்திரியெல்லாம் துள்ளின, அவன் அந்தப் பழத்தை ஒரு துறவியிடம் கொண்டுபோனான், துறவி இது சாத்தானுடைய வேலை என்று நெருப்பில் எறிந்தார், உடனே வாசம் எழுந்தது. வந்தவர்கள் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்பார்கள். கதைதான். ஆட்டைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்க முடியாது. ஏமன் நாட்டு சூஃபிகள் இரவுத் தொழுகையில் கண் அசராமல் இருக்க இதைக் குடித்தார்கள் என்பதற்கு எழுதிவைத்த ஆதாரம் இருக்கிறதாம். அது எனக்குச் சம்மதம். ஆனால் முதன்முதலில் இதை வறுத்தது யார் என்று எவருக்கும் தெரியாது. யாராக இருந்தாலும், அந்த ஆள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்த ஆள்மேல்தான் எனக்கு மரியாதை.

ஏனென்றால் காபியைக் காதால்தான் வறுக்க வேண்டும். பச்சைக் கொட்டையைச் சுழலும் உருளையில் கொட்டினால் முதலில் புல் வாசம் வரும். அப்புறம் மஞ்சளாகும், ரொட்டி வாசம் வரும். அப்புறம் பழுப்பாகி, உள்ளே இருக்கிற ஆவி கொட்டையைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போது ஒரு சத்தம் கேட்கும். சோளம் பொரிகிற மாதிரி, படபடவென்று. இது முதல் வெடி. அது அடங்கி, கொஞ்ச நேரம் அமைதியாக இருந்து, பிறகு இன்னொரு சத்தம் வரும். இது சின்னது, மெல்லியது, காய்ந்த சருகைக் கையில் நசுக்கின மாதிரி. இது இரண்டாவது வெடி. கறுப்பாக வறுக்க வேண்டிய சரக்கை இந்த இரண்டாவது வெடி தொடங்கியதுமே இறக்கிவிட வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தாலும் எண்ணெய் வெளியே வந்து கரியாகிவிடும். எங்கள் உருளையில் சூடு காட்டும் முள் ஒன்று இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தோட்டத்துக் கொட்டையும் ஒவ்வொரு சூட்டில் வெடிக்கும். முள்ளை நம்பி வறுப்பவனை எங்கள் இடத்தில் வறுக்கிறவன் என்று சொல்ல மாட்டார்கள். என் வீட்டுக்காரர் முள்ளைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் புதன்கிழமை, நாங்கள் சரக்கு கொடுக்கிற ஒரு பேக்கரியிலிருந்து பன்னிரண்டு பை கறுப்பு வறுவல் திரும்பி வந்தது. கசக்கிறது, புகை நாறுகிறது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி கொதித்துப் போனார். போன மாதம் வாங்கின புதுக் கொட்டைதான் மோசம், வியாபாரி ஏமாற்றிவிட்டான், இருநூறு மூட்டையையும் திருப்பி அனுப்பப் போகிறேன் என்று குதித்தார். அதற்கு முன்னால் நான் சுவை பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

வியாழக்கிழமை காலை என் மேசையில் ஆறு கிண்ணம் வைத்தார்கள். எதில் எந்தச் சரக்கு என்பது எனக்குத் தெரியக் கூடாது. கிண்ணத்துக்கு அடியில் சீட்டு இருக்கும். கொரகொரப்பாக அரைத்த தூள்மேல் வெந்நீர் ஊற்றி நாலு நிமிஷம் விட்டால் மேலே ஆடை மாதிரித் தூள் கட்டிக்கொள்ளும். அதைக் கரண்டியால் உடைக்கிற அந்த நொடியில் மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். அப்புறம் நுரையை வழித்துவிட்டு, கொஞ்சம் ஆறினதும் கரண்டியில் எடுத்து ஒரே உறிஞ்சல். சர்ரென்று சத்தம் வர வேண்டும். அப்போதுதான் வாய் முழுக்கப் பரவும். நாசூக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்த வேலை ஆகாது.

எனக்கு எதிரே முதலாளி நின்றார். அவருக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது கிண்ணமும் ஐந்தாவது கிண்ணமும் ஒரே சரக்கு. கொட்டை நல்ல கொட்டை; அடியில் இனிப்புகூட இருந்தது. அதற்குமேல் கரி ஏறியிருந்தது. இரண்டாவது வெடி தொடங்கிப் பத்து விநாடியில் இறங்க வேண்டியது, முக்கால் நிமிஷத்துக்கு மேல் உள்ளேயே கிடந்திருக்கிறது. என் நாக்கு இதில் தப்பு செய்யாது.

"கொட்டை மேல குத்தம் இல்ல முதலாளி. வறுவல்லதான் குத்தம். ரெண்டாவது வெடி வந்து ரொம்ப நேரம் கழிச்சு இறக்கியிருக்காங்க."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் கொஞ்சம் ருசித்துச் சொன்னேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை எரிந்தது இன்னும் அணையவில்லை.

முதலாளி அவரைப் பார்த்தார். "என்னப்பா, உருளைகிட்ட நின்னு தூங்கினியா? பதினேழு வருஷமா வறுக்கிற, உனக்கு நான் சொல்லணுமா? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வறுவலுக்கு வேற ஆளப் போட்டுடுவேன்."

"சரி," என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தச் சரியைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்கு வேலை போனாலும் சரிதான், பெண்டாட்டி போனாலும் சரிதான். அவர் வறுக்கும் அறைக்குப் போனதும் நான் அலமாரியிலிருந்து வறுவல் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு ஈட்டுக்கும், அதாவது உருளையில் ஒரு தடவை கொட்டி வறுக்கிற சரக்குக்கு, எப்போது கொட்டினார், முதல் வெடி எப்போது, இரண்டாவது எப்போது, எப்போது இறக்கினார் என்று அதில் எழுத வேண்டும். எந்த ஈடு எப்படிக் கெட்டது என்று பக்கம் பக்கமாகக் காட்டி, இன்றைக்கு அவரை நாலு கேள்வி கேட்டே தீர்வது என்று இருந்தேன்.

முதல் வெடிக்கும் இரண்டாவது வெடிக்கும் நடுவில் இரண்டரை நிமிஷம். அடுத்த ஈடு, இரண்டரை நிமிஷம். அதற்கடுத்ததும் இரண்டரை. பக்கத்தைத் திருப்பினேன். இரண்டரை, இரண்டரை. பழைய கொட்டை, புதுக் கொட்டை, மழை நாள், வெயில் நாள், எல்லாவற்றுக்கும் இரண்டரை. அப்படி ஒருநாளும் வெடிக்காது. நோட்டின் முன்பக்கங்களில் ஒன்றே முக்கால், மூன்று, இரண்டு பத்து என்று விதவிதமாகத்தான் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பக்கத்திலிருந்து எல்லாம் ஒரே மாதிரி ஆகியிருந்தது.

கேட்காமலே எழுதுகிறாரா, அவ்வளவு திமிரா என்றுதான் அப்போதும் நினைத்தேன். மூளைக்கு எட்டவில்லை. நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.

உருளை சுழன்றுகொண்டிருந்தது. புகையை இழுக்கிற விசிறி இரைந்துகொண்டிருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். முதல் வெடி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. குனிந்து கைச்சீட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றேன். பதில் இல்லை. "ஏங்க, உங்களத்தான்." இல்லை.

"நான் என்ன மனுஷியா மரமா? எட்டு மாசமா வாய் வலிக்கப் பேசுறேன். இந்த நோட்டுல என்ன எழுதி வச்சிருக்கீங்க? யார ஏமாத்துறீங்க?" என்று அந்த முதுகைப் பார்த்துக் கொட்டித் தீர்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கூட அசையவில்லை.

அப்போது இரண்டாவது வெடி தொடங்கியது. சருகு நொறுங்குகிற அந்தச் சத்தம் முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் கூட்டமாக. விசிறி இரைச்சலையும் தாண்டி எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் கை கொட்டையை இறக்குகிற பிடியிடம் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. அவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து விநாடி. எட்டு. பத்து. குனிந்து புகையை மோந்து பார்த்தார். மறுபடி கடிகாரம்.

என் கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

நான் போய்ப் பிடியை இழுத்தேன். கொட்டை சடசடவென்று ஆற்றும் தட்டில் கொட்டியது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஏன் எறக்கின? இன்னும் நேரம் இருக்கு."

"வெடிச்சாச்சு," என்றேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கொட்டை சரியான நிறத்தில் இருந்தது. மறுபடி என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

விசிறியை நிறுத்தினார். உருளையையும் நிறுத்தினார். அந்த அறை பகலில் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் காலி மூட்டைகள்மேல் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன். முகத்துக்கு நேரே, நிறுத்தி.

"எட்டு ஒம்போது மாசம் இருக்கும். மொதல்ல ரெண்டாவது வெடி மங்கலாச்சு. விசிறிதான் அதிகமா எரையுதுன்னு நெனச்சேன். அப்புறம் சுத்தமாப் போச்சு. கடிகாரத்தப் பாத்து எறக்கிட்டிருந்தேன், புதுக் கொட்டை சீக்கிரம் வெடிக்குது போல. தடிச்ச சத்தம் எல்லாம் கேக்குது. லாரிக்காரர் பேசுறது கேக்குது, முதலாளி பேசுறது கேக்குது. சின்னச் சத்தம் வரல."

"என் குரல்?"

"அதுதான் மொதல்ல போச்சு," என்றார். "நீ பேசுறது தெரியும். வார்த்தை வராது. மூஞ்சியப் பாத்தா கொஞ்சம் பிடிச்சுக்குவேன். முதுகுக்குப் பின்னாடி பேசினா ஒண்ணும் இல்ல. ஊர்ல எல்லார் குரலும் கேக்குது, உன் குரல் மட்டும் கேக்கலன்னு உன்கிட்டயே எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எட்டு மாதம். எத்தனை நாள் சாப்பிடாமல் படுத்திருக்கிறேன், எத்தனை முறை அக்காவிடம் இவரை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? நான் என்ன ஊரெல்லாம் போய்த் தண்டோராவா போடுவேன்?" என்று திட்டினேன். அதை அவர் முழுசாகப் பிடித்துக்கொண்டார் என்று தெரிந்தது, தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் கேட்காது என்று ஞாபகம் வந்து நிமிர்ந்தார்.

"எல்லாத்துக்கும் ஏன் சரி சரின்னீங்க?"

"என்னன்னு கேட்டா தெரிஞ்சுபோயிடும். இல்லன்னு சொன்னா சண்டை வரும். சரின்னு சொன்னா பாதி நேரம் பொருந்திடும்."

"திங்கக்கெழம காலையில, நீங்க பாத்திரம் கழுவுறப்ப, நான் ஒண்ணு கேட்டேன். என்னன்னு தெரியுமா?"

யோசித்தார். "போகட்டுமான்னு மட்டும் விழுந்துச்சு. கடைக்குப் போறேன்னு நெனச்சேன். பால் இல்லாம இருந்துச்சே." பிறகு, "நீ பால் வாங்கிட்டு வரல. ஏன்னு நானும் கேக்கல," என்றார்.

நான் மூட்டையை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கீச்சுக் குரலைக் கனமாக்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "அக்கா ஊர்ல எனக்கு வேலை கெடச்சிருக்கு. நாளைக்குள்ள பதில் சொல்லணும். நான் போகட்டுமான்னு கேட்டேன்."

"புரியல. திரும்பச் சொல்லு," என்றார். எட்டு மாதத்தில் இதை அவர் சொன்னது அதுதான் முதல் முறை. திரும்பச் சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். மூன்றாவது முறை அவர் சொல்லச் சொன்னது காது கேட்காததால் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. தப்பாகக் காதில் விழுந்திருக்கக் கூடாதா என்று பார்த்திருக்கிறார்.

"அதுக்கு நான் சரின்னு சொன்னேனா?"

"சொன்னீங்க. தட்டு கழுவிக்கிட்டே சொன்னீங்க."

இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையில் இருந்த கரி நெற்றியெல்லாம் அப்பியது. நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து நின்றார்.

"இப்ப இருன்னு சொன்னா, என் பக்கத்துல நின்னு வெடிச் சத்தத்தக் கேட்டுச் சொல்ல ஆள் வேணும்னு சொன்ன மாதிரி ஆயிடும். நீயும் காலத்துக்கும் அப்படித்தான் நெனப்ப."

"நெனப்பேன்," என்றேன். உண்மை அதுதான்.

"அப்ப கொஞ்சம் பொறு. முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன். அதுக்கப்புறம் கேளு."

வேண்டாம் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. பதினேழு வருஷம் அவர் அந்த உருளையோடு இருந்தவர். வாசத்தை வைத்தும் கடிகாரத்தை வைத்தும், நானும் பக்கத்தில் நின்று முழங்கையைத் தொட்டுச் சொன்னால், யாருக்கும் தெரியாமல் இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவர் முன்பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

முதலாளியின் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ஒருமுறை உயர்ந்தது. அப்புறம் தணிந்தது. அப்புறம் வெகுநேரம் என் வீட்டுக்காரர் மட்டுமே பேசினார் போலிருக்கிறது. அவர் தொடர்ந்து அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஆற்றும் தட்டில் கொட்டை முழுசாக ஆறிவிட்டது. மூட்டை இறக்குகிறவர்கள் உள்ளே வந்து, விசிறி ஏன் ஓடவில்லை என்று என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன்.

கதவு திறந்தது. அவர் கழுத்தில் எப்போதும் கட்டியிருக்கிற தோல் அங்கி இல்லை. கையில் மடித்து வைத்திருந்தார்.

"வறுவல்லேர்ந்து எடுத்துட்டார். மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுன்னார். அதுவரைக்கும் குடோன்ல மூட்டை எண்ணணும்," என்றார். அங்கியைக் கொண்டுபோய் உருளையின் ஆணியில் மாட்டினார். பிறகு வந்து எனக்கு நேர் எதிரே, வெளிச்சம் என் முகத்தில் விழுகிற பக்கமாக நின்றார்.

"இப்பக் கேளு."

கேட்டேன். ஒரே தடவைதான் கேட்டேன்.

"போகாத," என்றார். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.